மாங்காய்க் காலத்து மௌனம்

என் பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் ஒலிபெருக்கியை நான் தொட்டதில்லை. திருப்பதியில் அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் என் சொல் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் கேட்கும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். அதை நான் மறுத்ததில்லை. ஓய்வு பெற்றபின், அந்நாளில் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்த ப்ளஸ் டூவுக்கு இணையான தனியார் இண்டர்மீடியட் கல்லூரிகளில் ஒன்று என்னை அழைத்தது. எப்படியாவது பொறியியல் படித்து, கம்ப்யூட்டர் கற்று, அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும் என்று பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரும் துடித்த காலம் அது. தகரக் கூரைக் கொட்டகையில் திருவிழாக் கூட்டம்போல் மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மேசைமேல் மைக் இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

ஒரு கோடையில் குரல் கம்மியது. மிளகும் பனங்கற்கண்டும் வெந்நீரும் பயன் தரவில்லை. ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வாய் அசைந்தும் ஒலி வரவில்லை. வேண்டுமென்றேதான் இடைவெளி விடுகிறேன் என்று எண்ணி மாணவர்கள் காத்திருந்தார்கள். பிறகு பின்வரிசையில் எவனோ சிரித்தான்.

வேலூரில் தொண்டை மருத்துவர் ஒருவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சிறு கட்டி இருக்கிறது என்றார். "பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். மாங்காய்க் காலம் முடிகிற சமயத்தில் வாருங்கள். கட்டி கரைந்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்." எதற்கான சோதனை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாதல்லவா?

மனைவி அப்போது மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் இருந்தாள். அவளுக்குத் தெரிவிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். விவரம் அறிந்தவள் என் தங்கை ஒருத்திதான். சித்தூருக்குத் தெற்கே, வேலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய சிற்றூரில் அவளைக் கொடுத்திருந்தோம். மருத்துவமனைக்குத் துணையாக வந்தவள், அங்கிருந்தே என்னைத் தன் வீட்டுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். "திருப்பதியில தனியா ஒக்காந்து செவத்தையா பார்ப்ப? வாண்ணா" என்றாள். எனக்கு விருப்பமில்லை. அந்த ஊர் என்னை அறிந்திருந்த விதம் வேறு. திருமணங்களுக்கும் பண்டிகைகளுக்கும் போகும்போதெல்லாம் யார் எதைத் தவறாகச் சொன்னாலும் திருத்திவிட்டு வருபவன் நான். அங்கே நோயாளியாகப் போய் இறங்க மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுப்பைச் சொல்லக் குரல் இல்லை.

பஸ் நின்ற இடத்தில் மாங்காய் மலைபோல் குவிந்திருந்தது. எல்லாம் ஜூஸ் பாக்டரிக்குப் போகும் பெங்களூரா வகை. டிராக்டரில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் இறங்கி வந்தார். குவைத்தில் சில காலம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, டிராக்டர் வாங்கிய பக்கத்து நிலத்துக்காரர் அவர். ஊரார் அவரைக் குவைத்துக்காரர் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

"சார், சௌக்கியமா? அமெரிக்காவுலருந்து எதுனா நல்ல சேதி உண்டா?"

நான் நின்றேன். கையில் மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட மஞ்சள் உறை இருந்தது. அதை வேட்டி மடிப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, சார் பேசவே மாட்டேங்கறாரு?"

தங்கை கண் இமைக்காமல் சொன்னாள்: "அண்ணன் பேசாது. மௌன விரதம். காணிப்பாக்கத்து சாமிக்கு."

குவைத்துக்காரர் கையிலிருந்த மாங்காயைக் கீழே போட்டார். "சாரா? சாமி கும்புடறவன நிக்க வெச்சிக் கேள்வி கேக்கற சாரா?"

"மனுசன் மாறவே கூடாதா? போ, போய் லோடு ஏத்து."

வீட்டுக்குள் நுழைந்ததும், மருத்துவர் சொற்படி வாங்கி வைத்திருந்த காகிதக் கட்டில், 'பொய் எதற்கு?' என்று எழுதி நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். காகிதக் கட்டை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள்.

"தொண்டையில கட்டின்னா ஊரு இன்னான்னு நெனைக்கும்னு உனக்குத் தெரியாதா? ஒவ்வொருத்தியா வந்து 'ஐயோ பாவம்'னு மூஞ்சிய பார்த்துக்கினு நின்னா நீ தாங்குவியா? விரதம்னா கையெடுத்துக் கும்புடுவாங்க. எது தேவலை? எழுதிக் காட்டறதும் இனிமே கூடாது. விரதத்துல இருக்கறவன் எழுதுவானா?"

இதற்கு என்னிடம் தக்க மறுமொழி இருந்தது. ஆனால் அவள் சொன்னது என் இயல்பை நன்கறிந்து சொன்னது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் உடல் தேற வேண்டும் என்று தங்கையின் கணவர் ஒரு நாட்டுக்கோழியைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார். அவர் கத்தியோடு வந்தபோது தங்கை தடுத்தாள்.

"விரதத்து வூட்டுல கோழியா?"

"விரதம் அவருக்குத்தானடி? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"வூடு ஒண்ணுதானே?"

அவர் கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மச்சான், நல்லா மாட்டி வுட்டீங்க" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் கோழி அதன்பின் என் நாற்காலியைச் சுற்றியே மேய்ந்தது.

இப்படியாக என் விரதம் தொடங்கியது. தங்கை கட்டிய கதை அவள் எதிர்பார்த்ததைவிட ஆழமாக வேரூன்றிவிட்டது. எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரின் பெயரால் யாரும் விளையாட மாட்டார்கள். அங்கே குளத்தில் முழுகிச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்தவன் நன்றாக இருந்ததில்லை என்பது கோர்ட்டுக்குப் போகிறவர்களும் நம்பும் செய்தி. ஆகவே தண்ணீருக்குப் போகும் பெண்கள் என் எதிரே ஓர் எலுமிச்சம் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஆண்கள் பீடியை மறைத்துக்கொண்டார்கள். கடவுளைப் பற்றி எனக்கு எந்தத் தீர்மானமும் இல்லை. எனினும் தகுதியில்லாத வணக்கத்தை ஏற்றுக்கொண்டு அமர்ந்திருப்பது முள்ளின்மேல் அமர்ந்திருப்பதாகவே இருந்தது.

உடல் மட்டும் என் சஞ்சலங்களைப் பொருட்படுத்தாமல் தேறி வந்தது. காலையில் தங்கை வீட்டு மாந்தோப்புவரை நடப்பேன். கொக்கிக் கோலால் பறித்த காய்கள் வலைப்பையில் விழும் ஓசையும், காம்பிலிருந்து வடியும் பாலின் காரமான மணமும் தோப்பெங்கும் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் மரத்தடிக் கட்டிலில் படுப்பேன். திருப்பதியில் மின்விசிறியின் கீழும் வராத உறக்கம், கூலியாட்களின் பேச்சுக்கு நடுவே வந்தது. சாப்பாடு என்றால் ராகிக் களியும் கீரைக் கடைசலும் வேர்க்கடலைச் சட்னியும். போதும் என்று சொல்ல முடியாததால் தட்டின்மேல் கையை விரித்து மறைப்பேன். தங்கை என் விரல்களை விலக்கிவிட்டு இன்னொரு உருண்டையை வைப்பாள். "வாயத் தொறந்து சொல்லு, நிறுத்தறேன்" என்பாள். அவளுக்கு அதில் ஓர் இன்பம் இருந்தது.

அதைவிடப் பெரிய இன்பத்தை அனுபவித்தவர் குவைத்துக்காரர். நடுப்பகலில் ஆட்கள் மரத்தடியில் இளைப்பாறும்போது அவர் என் கட்டிலுக்கு எதிரே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார்.

"சார், குவைத்துல ஏன் அவ்ளோ சூடுன்னா, அங்க சூரியன் பூமிக்குக் கிட்டத்துல கீது. கண்ணால பார்த்தேன். சரிதான?"

நான் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டேன்.

"சார் ஒண்ணும் சொல்லல. அப்போ சரிதான்" என்று அவர் மற்றவர்களிடம் தீர்ப்பு வழங்குவார். மறுநாள் வேறு பாடம். "ஏரோப்ளேன் மேல போய் சும்மா நின்னுக்கினு இருக்கும். பூமி கீழ சுத்திக்கினு வரும். அமெரிக்கா வந்ததும் எறங்கிக்கலாம். அதனாலதான் சாரோட சம்சாரம் ஒரே நாள்ல போய்ச் சேர்ந்தாங்க."

"அப்போ எதுக்கு அத்தினி டிக்கெட்டு காசு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மேல நிக்கறதுக்குத்தான். கீழ நிக்கறதுக்கு யாரு காசு கேக்கறா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது. தலையசைத்து மறுக்கலாம் என்றாலோ, விரதத்தில் அதுவும் கூடாது என்று தங்கை விதித்திருந்தாள்.

ஆனால் இந்தக் கேலிகளெல்லாம் பகலின் மேற்பரப்பில் நடந்தவை. உள்ளே ஒரே கேள்விதான் இருந்தது. தோப்பின் மூலையில், போர்வெல் மோட்டார் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காத இடம் ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் தோன்றும். வாயைத் திறக்காமலே திரும்பிவிடுவேன். மருத்துவர் தடுத்திருந்தார் என்பது ஒரு காரணம். முயன்று பார்த்து வராமல் போனால் என்ன செய்வது என்பதே பெரிய காரணம். என்னை விரதத்தில் நிறுத்தியது அந்த அச்சம்தான்.

ஞாயிறு காலைகள் இன்னும் கடினமானவை. தங்கை வீட்டுக்குப் புதிதாக டெலிபோன் வந்திருந்தது. மனைவி அமெரிக்காவிலிருந்து அழைப்பாள். நான் பக்கத்தில் நிற்க, தங்கை பேசுவாள்.

"அண்ணனா? தோப்புக்குப் போய்க்கீதே அண்ணி. ஆமா, நல்லா துன்னுது. சுகர் மாத்திரை போட்டுக்கினுதான் கீது."

மறுமுனையில் மனைவியின் குரல் கம்பி போல் மெலிந்து கேட்கும். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தோப்பா? இந்த வயசுல என்ன தோப்பு? எம்மேல எதனா கோவமா?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாங்காய் வரத்து குறையத் தொடங்கிய வாரத்தில் குவைத்துக்காரர் ஒரு செய்தியோடு வந்தார். வரும் சங்கடஹர சதுர்த்தியன்று காணிப்பாக்கத்துக்கு வேன் பேசியாயிற்றாம். "சார் விரதம் முடிக்கறது சும்மா வூட்டுல ஆவுமா? சந்நிதியில முடிக்கணும். அந்த மொத வார்த்தை எங்க காதுல வுழணும்க்கா. அது யோகம்."

தங்கையின் முகம் வெளிறியது. வேலூர் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் அதற்கு முந்தைய நாள். குரல் வராவிட்டால், ஊரே கூடி நிற்கும் சந்நிதியில் நான் வாயைத் திறந்து மூட வேண்டியிருக்கும். அந்தக் கொட்டகையில் ஒருமுறை நடந்தது மறுபடியும் நடக்கும். பின்வரிசையில் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

"நீ கட்டுன மூட்டை. நீயே அவுரு" என்றார் அவள் கணவர்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் பேச்சே இல்லை. உண்மையாகவே எல்லோரும் விரதம் இருந்ததுபோல் இருந்தது. ஒரு மதியம், தங்கை ஏதோ நினைவில் பரிமாறிக்கொண்டிருந்தாள். தட்டை மறைத்தேன். கையை விலக்கி ஓர் உருண்டை வைத்தாள். மறுபடியும் மறைத்தேன். பார்க்காமலே மறுபடியும் விலக்கினாள்.

"போதும்" என்றேன்.

அடுத்த உருண்டையோடு அவள் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நானே ஒரு கணம் திகைத்தேன். என் பழைய குரலைவிடக் கனமாக, தாழ்ந்து ஒலித்தது, ஆனால் பிசிறில்லை. தங்கையின் கண்கள் நிறைந்தன. அடுத்த நொடியே களி அப்பிய கையால் என் வாயைப் பொத்தினாள்.

"மூடுண்ணா! வெளிய ஆளுங்க கீறாங்க!"

கொல்லையிலிருந்து அவள் கணவர் கேட்டார்: "யாருடி அது பேசனது?"

"நான்தான்!"

"உன் கொரலு எப்போ இப்படி கட்டையாப் போச்சு?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஓசையில்லாமல் சிரித்தேன். முகத்தில் அப்பியிருந்த களியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வேலூரில் மருத்துவர் அதே கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கட்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது என்றும், எடுக்கவோ சோதிக்கவோ தேவையில்லை என்றும் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுங்கள். வகுப்புக்குப் போனால் மைக் இல்லாமல் போகாதீர்கள்." சரி என்றேன். அது நான் சொன்ன இரண்டாவது சொல்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் அமர்ந்ததும், துணைக்கு வந்திருந்த தங்கையிடம் என் மனத்தில் எஞ்சியிருந்ததை மெல்லச் சொன்னேன். "நாளைக்குக் காணிப்பாக்கத்தில் போய்ப் பொய் விரதத்தை முடிக்க வேண்டும். அதுதான் உறுத்துகிறது."

"இன்னாண்ணா பொய்? நீ பேசாமதான இருந்த?"

"வேண்டிக்கொண்டு இருக்கவில்லையே."

அவள் டீயை ஊதினாள். "நான் வேண்டிக்கினேன். அன்னிக்கு பஸ்ஸுலயே, ஊரு வர்றதுக்கு முன்னாடியே. 'எங்கண்ணன் கொரலக் குடு, இட்டாந்து உன் முன்னாடி பேச வெக்கறேன்'னு. அப்புறம்தான் குவைத்துக்காரன்கிட்ட சொன்னேன். வேண்டுதல் என்னுது, விரதம் உன்னுது. இதுல பொய் எங்க கீது?"

என்னால் அதில் குற்றம் காண முடியவில்லை. காண முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வேன் நிறைய ஊர் வந்தது. குளத்தில் கால் நனைத்து, வரிசையில் நகர்ந்து சந்நிதிக்குள் போனோம். ஒரு நீண்ட சுலோகத்தை மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தீபாராதனை வெளிச்சத்தில், திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் கண்டபோது சுலோகம் மறந்துபோனது. "விநாயகா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆனால் தெளிவாக வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தங்கை என்னைப் பார்க்காமல் உண்டியலுக்குப் போனாள்.

வெளியே, குளக்கரைப் படியில் உட்கார்ந்ததும் குவைத்துக்காரர் எதிரே வந்து அமர்ந்தார். "இப்போ சொல்லுங்க சார். குவைத்துல சூரியன் கிட்டத்துலதான கீது?"

"இல்லை" என்றேன். அத்தனை வாரங்கள் அடைந்து கிடந்தது மடை திறந்தது. சூரியனின் கதிர் எந்தக் கோணத்தில் விழுகிறது, மணல் எப்படிச் சூட்டை வாங்குகிறது, விமானம் எவ்வாறு பறக்கிறது, பூமியோடு காற்றும் சேர்ந்து சுழல்வது எப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும்ண்ணா!" என்று தங்கை பின்னாலிருந்து கத்தினாள். "டாக்டரு கொஞ்சமா பேசுன்னுதான சொன்னாரு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த பிரசாதத்தோடு அப்படியே நின்றாள்.

குவைத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "டாக்டரு சொன்னது எங்களுக்குத் தெரியும்க்கா. அன்னிக்கே அந்த மஞ்சக் கவர பார்த்துட்டேன். வேலூர்ல இருந்து வர்றவங்க கையில அது இருந்தா இன்னான்னு தெரியாதா? ஊரு பூரா தெரியும்."

"அப்புறம் ஏன்டா ஆளாளுக்கு எலுமிச்சம் பழத்த வெச்சீங்க?"

"நீதான விரதம்ன? நோவுன்னா சார் கதவ சாத்திக்குவாரு. நாங்களும் வாசல்லயே நின்னு பார்த்துட்டுப் போகணும். விரதம்னா கிட்ட உக்காரலாம். அதுவுமில்லாம," என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார், "சார் பதில் சொல்ல முடியாத காலம் எங்களுக்கு வேற எப்போ கெடைக்கும்?"

படிக்கட்டே சிரித்தது. தங்கையின் கணவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். என் முகம் எரிந்தது. மஞ்சள் உறையை வேட்டி மடிப்பில் நான் மறைத்த நொடியிலேயே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நானும் தங்கையும் காத்த கௌரவத்தை ஊரும் சேர்ந்தே காத்திருக்கிறது. கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் முதுகு நிமிர்ந்தது.

"அப்படியென்றால் சூரியன் விஷயமும் தெரிந்துதான் கேட்டீர்களா?" என்றேன்.

"அது மட்டும் நெசமாவே தெரியாது சார்" என்றார் குவைத்துக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் நாற்காலியைச் சுற்றி மேய்ந்த கோழியின் காலம் முடிந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் ஒலித்தது. தங்கை எழவில்லை. நான் போய் எடுத்தேன்.

"ஹலோ, இன்னைக்கும் தோப்புதானா?" என்றாள் மனைவி.

"இல்லை. வீட்டில்தான் இருக்கிறேன்."

"யாரு பேசறது?"

"நான்தான்."

"உங்க கொரலு இப்படி இருக்காதே" என்றாள்.

"தொண்டையில் ஒரு கட்டி இருந்தது. போய்விட்டது. மருத்துவர் பார்த்துவிட்டார்" என்று சொன்னேன். போய்விட்டது என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அவள் அழுதாள். அழுது முடித்ததும் வையத் தொடங்கினாள். சொல்லாமல் மறைத்ததற்கும், மைக்கை ஒதுக்கியதற்கும், அதற்கு முந்தைய பலவற்றுக்கும் சேர்த்து வைதாள். அவற்றுள் சிலவற்றில் தகவல் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

"மச்சான், கோழி ஆறுது!" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. ஒரு நிமிடம் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு, டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.